அவசர வழிக் கைப்பிடி

நேற்று மாலை தன் கையாலேயே வெட்டி எடுத்த கம்பி, இன்று காலை முழுசாக இருந்தது.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கக் கலக்கத்தில் கண் ஏமாற்றுகிறது என்று நினைத்து, காப்பி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு, மேசை விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். பச்சைத் துணியின் மேல் அந்தக் கைப்பிடி நேற்று வைத்த இடத்தில் வைத்தபடியே கிடந்தது. அதன் ஓட்டை வழியாக நுழைந்து, அடித்தட்டின் ஓட்டை வழியாக வெளியே வந்து, சீராக முறுக்கிக்கொண்டு ஒரு ஈய முத்திரைக்குள் போய் முடிந்தது கம்பி. நேற்று வெட்டிய துண்டுகளும் பழைய முத்திரையும் பக்கத்து டப்பா மூடியில் பத்திரமாக இருந்தன. அவை கரிபிடித்துக் கறுத்திருந்தன. இது பளபளத்தது. புதுக் கம்பி. யாரோ உட்கார்ந்து, நிதானமாக, வேலை தெரிந்த கையால் கட்டியிருக்கிறார்கள்.

பழைய விமானங்களின் உதிரிகளுக்கு ஊரும் பேரும் கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவள் தொழில். சேகரிப்பவர்களும் அருங்காட்சியகங்களும் எங்கெங்கிருந்தோ பெட்டி பெட்டியாக அனுப்புவார்கள்: ஒரு திருகு, ஒரு கீல், என்னவென்றே தெரியாத ஒரு உருண்டை. அது எந்த விமானத்தில், எந்த இடத்தில், என்ன வேலை பார்த்தது என்று அவள் சொல்லியாக வேண்டும். கப்பலில் வேலை பார்க்கும் அவள் கணவன், "என் பொண்டாட்டி இரும்புக்கு ஜாதகம் பாக்குறா" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். முன்னறை முழுக்க அவளுடைய மேசையும் அலமாரிகளும்தான். எண்ணெய் வாசனையும் பழைய பெயின்ட் வாசனையும் திரைச்சீலையில்கூட ஏறியிருந்தன.

அந்த அறைக்குள் வரக்கூடியவர்கள் மூன்றே பேர். அவள். அவளுடைய மகள் பட்டாணி, செருப்பு வாரையே இன்னும் சரியாகப் போடத் தெரியாதவள். மிச்சம் இருப்பது கொழுந்தன்.

கொழுந்தன் விமான மெக்கானிக்காக இருந்தவன். ஒருநாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்றான். வேலை போய்விட்டது என்றான். ஏன் போனது என்று சொல்லவில்லை. "அவனே சொல்லுவான், நீ எதுவும் கேக்காத" என்று கணவன் போனில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மாடி அறையில் இருக்கிறான். அவன் அறைக்கு வெளிப்பக்கப் படிக்கட்டு வழியாகத்தான் போக வேண்டும். சாப்பிட மட்டும் கீழே வருவான், பட்டாணியோடு விளையாடுவான், பாத்திரம் கழுவிக் கொடுப்பான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததுதான் அவளுக்கு இத்தனை நாளும் உறுத்திக்கொண்டிருந்தது.

இந்தக் கைப்பிடியைக் கொண்டுவந்ததும் அவன்தான். "பழைய இரும்புக் கடையில கெடச்சுது அண்ணி. எந்த விமானம்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றான். எந்தக் கடை என்று கேட்டதற்குப் பாலத்துக்குப் பக்கத்துக் கடை என்றான். அந்தக் கடைக்காரரை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஏதோ பேச்சுவாக்கில் விசாரிப்பதுபோல் போன் போட்டுக் கேட்டாள். "உங்க வீட்டுத் தம்பியா? இந்தப் பக்கமே வரலையே மேடம்" என்றார் அவர்.

பொய் சொல்லியிருக்கிறான். சரி. அதற்கும் இந்தப் புதுக் கம்பிக்கும் என்ன சம்பந்தம்?

அவள் மறுபடியும் கைப்பிடியைக் கையில் எடுத்தாள். உள்ளங்கை நீளத்துக்கு அலுமினியம். ஒரு மூலையில் நேற்று உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்திருந்தாள்: மேலே கரி, அதன் கீழே சிவப்பு, சிவப்புக்குக் கீழே சாம்பல் நிறம், அதற்கும் அடியில் மஞ்சள் கலந்த பச்சை. பெயின்ட் அடுக்கு பொய் சொல்லாது. இது ரொம்பப் பழையது, கரி மட்டும் கடைசியாக வந்தது. ஒரு முனை உருகி வழிந்து அப்படியே உறைந்திருந்தது. தண்டும் லேசாக வளைந்திருந்தது. கீழே விழுந்து வளைந்ததல்ல. ஒரே திசையில், திரும்பத் திரும்ப, பலம் கொண்ட மட்டும் யாரோ இழுத்த வளைவு.

முத்திரைக்கு அடியில் இருந்த எண்ணைப் படிக்கத்தான் நேற்று அவள் பழைய கம்பியை வெட்டினாள். தொழிலில் அது செய்யக்கூடாத காரியம். பழைய கட்டைப் பிரிக்காமல் படிக்க வழி தேட வேண்டும். அவசரப்பட்டுவிட்டாள். அந்த எண்ணையும் படங்களையும் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் தோழிக்கு அனுப்பியிருந்தாள். காலையிலேயே தோழி வீடியோவில் கூப்பிட்டாள்.

"ஏய், இத எங்கடி புடிச்ச?"

"வந்துச்சு. என்னன்னு சொல்லு."

"உள்பக்கம் இருக்கிற கைப்பிடி. ஆபத்துன்னா கதவத் தெறந்துட்டு வெளிய குதிக்கிறதுக்கு. இந்த மாதிரி தட்டு ஒரே ஒரு வகை சரக்கு விமானத்துலதான் வெச்சாங்க. கொஞ்சம் செஞ்சாங்க, அப்புறம் நிறுத்திட்டாங்க. இரு, இரு, அந்தக் கம்பிய இன்னொரு தரம் காட்டு." அவள் கிட்டே காட்டியதும் தோழி கேட்டாள்: "என்னடி இது, எஃகுக் கம்பியா?"

"ஆமா. ஏன்?"

"அங்க செம்புல்ல இருக்கணும்? நூல் மாதிரி மெல்லிசா. அதிர்வுல தானா தெறந்துக்கக் கூடாதுன்னு ஒரு பேருக்குக் கட்டுறது அது. கையால ஒரு இழு இழுத்தா பட்டுன்னு அறுந்துடணும். இதுல எவனோ எஞ்சினுக்குப் போடுற எஃகுக் கம்பியப் போட்டு வெச்சிருக்கான். யானை வந்து இழுத்தாலும் அறாதுடி."

"அப்போ உள்ள இருந்தவங்க?"

எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிற தோழி இதற்குக் கேலி பேசவில்லை. "கைப்பிடி வளைஞ்சிருக்குன்னு நீதான எழுதியிருந்த" என்றாள்.

அன்று பகல் முழுக்க அவளுக்கு அந்த அறையில் வேலை ஓடவில்லை. கைப்பிடியை ஒரு துணியில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டுவதற்கு முன்னால் புதுக் கம்பியையும் வெட்டிப் போட்டாள், ஒரு வீம்புக்கு. பார்க்கலாம், இப்போது எப்படிக் கட்டுகிறான் என்று.

மறுநாள் காலை கைப்பிடியில் கம்பி இல்லை. ஆனால் சமையலறையின் பின்கதவைத் திறக்கப் போனபோது தாழ்ப்பாள் நகரவில்லை. குனிந்து பார்த்தாள். தாழ்ப்பாளின் வளையத்துக்கும் அதன் கொண்டிக்கும் நடுவே எஃகுக் கம்பி, அதே சீரான முறுக்கு, அதே ஈய முத்திரை. கம்பியின் நுனி யாருடைய கையையும் கிழித்துவிடாதபடி உள்ளே மடக்கி விடப்பட்டிருந்தது. தொட்டாள். அடுப்பில் இருந்து இறக்கிய பாத்திரத்தின் பிடி மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. மண்ணெண்ணெய் போல ஒரு வாசனையும், அதற்குப் பின்னால் வேறு ஏதோ தீய்ந்த வாசனையும் வந்தது. அவள் மேசையில் இருந்து கட்டிங் பிளேயரை எடுத்து வந்து வெட்டினாள். அன்று மாலை கூடத்து ஜன்னலின் கொக்கியில் இருந்தது. அதையும் வெட்டினாள். அதற்கு அடுத்த நாள் குளியலறைக் கதவில், உள்பக்கமாக.

எல்லாமே வெளியே போகும் வழிகள். எல்லாமே உள்ளே இருந்து திறக்கிறவை. இதை யோசிக்கத் தெரிந்தவன் ஒரு மெக்கானிக்காகத்தான் இருக்க முடியும் என்று அவள் மனசுக்குள் ஒரு கணக்கு முடிந்துவிட்டது. அந்தச் சின்ன வீட்டில் ஒருவன் நடந்தால் இன்னொருத்திக்குக் கேட்கும். அவள் இப்போது அவனுடைய ஒவ்வொரு அசைவையும் கேட்க ஆரம்பித்திருந்தாள்: மேலே கட்டில் கிரீச்சிடுவது, டிரங்குப் பெட்டி திறப்பது, படியில் இறங்குகிறவன் ஒரு படியில் நின்று எதற்காகவோ யோசிப்பது. பட்டாணி அவன் மடியில் உட்கார்ந்து கதை கேட்கும்போது, அவன் விரல்களைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாட்டில் கேட்டே விட்டாள். "தம்பி, என்ன வெளையாட்டு இது?"

"எது அண்ணி?"

வெட்டிய துண்டுகளை அவன் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். அவன் முகத்தில் ரத்தம் வற்றியதை அவள் பார்த்தாள். குற்றவாளியின் முகம் என்று நினைத்தாள்.

"கைப்பிடியில இருந்த கம்பிய வெட்டிட்டீங்களா?"

"அதான் கேக்குறேன். வெட்டினத நீ ஏன் திரும்பக் கட்டுற?"

"நான் தொடவே இல்ல அண்ணி. சத்தியமா." அவன் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தான். "அது கடையில கெடச்சதில்ல. எங்க பயிற்சிக் கூடத்துல, கிளாஸ் ரூம் சுவத்துல மாட்டியிருந்தது. தப்பான கம்பி போட்டா என்ன ஆகும்னு காட்டுறதுக்கு. வர்றவங்க எல்லாரையும் அது முன்னாடி நிக்க வெச்சுப் பேசுவாங்க. ஆனா யாரையும் தொட விடமாட்டாங்க. எந்த விமானம், உள்ள யாரு இருந்தாங்கன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"அத ஏன் நீ திருடிட்டு வந்த?"

அவன் தலை குனிந்தான். "நானும் அதே தப்பப் பண்ணிட்டேன். ஒரு கதவுல. பறக்கிறதுக்கு முன்னாடியே பாத்துட்டாங்க, ஒண்ணும் ஆகல. ஆனா எனக்குத் தூக்கம் போச்சு அண்ணி. அவங்க யாருன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

"இந்த முறுக்கு உன்னோடதுதான? அன்னைக்கு கேஸ் குழாய்ல கட்டிக் குடுத்தியே, அதே மாதிரி நுனிய மடக்கி விட்டிருக்கு."

"அங்க படிச்ச எல்லாருமே அப்படித்தான் மடக்குவோம்." அவன் கையை நீட்டினான். "கட்டிங் பிளேயர எங்கிட்ட குடுங்க. இனிமே எதையும் வெட்டாதீங்க. வெட்ட வெட்ட அது வேற இடத்துல கட்டுது. நான் பாத்துக்கறேன்."

அவள் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் வீட்டில் வெட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லை என்பது உறைத்தது. கெட்டிக்காரன், ஆயுதத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டான். கணவனுக்குப் போன் போட்டாள். கடல் இரைச்சலுக்கு நடுவே அவன், "அவன் ஒரு பூச்சியக்கூட மிதிக்க மாட்டான், நீ வீணா மனசப் போட்டுக் குழப்பிக்காத" என்றான். கூடப் பிறந்தவனை விட்டுக்கொடுப்பானா? போனை வைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. இந்த வீட்டில் பட்டாணிக்குத் தான் ஒருத்திதான் துணை என்று தோன்றியது.

அடுத்த நாள் மாலை, வெயில் மஞ்சளாகச் சரிந்துகொண்டிருந்த நேரம். அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பட்டாணி கட்டிலில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளுடைய ஜன்னல் ஓரத்தில் கொழுந்தன் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். வாயில் ஒரு துண்டுக் கம்பியைக் கவ்வியிருந்தான். விரல்கள் வேகமாக முறுக்கிக்கொண்டிருந்தன.

அவள் கையிலிருந்த துணியை அப்படியே தரையில் போட்டாள்.

அவன் நிமிர்ந்து, கம்பியை வாயிலிருந்து எடுத்து, "எல்லாத்துலயும் கட்டிட்டேன் அண்ணி. கதவு, ஜன்னல், கார்லகூட. சரியா கட்டி வெச்சுட்டா அதுக்கு வேலை இருக்காதுன்னு நெனைக்கிறேன். மாடியில மட்டும் பாக்கி" என்றான். திருப்தியாகச் சொன்னான். அந்தத் திருப்திதான் அவளைக் குலைநடுங்க வைத்தது. அவன் மிச்சக் கம்பியை எடுத்துக்கொண்டு, கட்டிங் பிளேயரைச் சட்டைப் பையில் செருகியபடி படியேறிப் போனான்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே படியேறினாள். அவன் அறைக் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். வெளித் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டாள்.

"அண்ணி?" உள்ளிருந்து குரல் வந்தது. "அண்ணி, என்ன பண்றீங்க?"

அவள் கீழே ஓடி வந்து பட்டாணியைத் தூக்கிக்கொண்டாள். அக்கா வீட்டுக்குப் போய்விடலாம், அங்கே போய் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம். வாசலில் நின்ற காரின் பின்கதவைத் திறந்தாள். உள்பக்கக் கைப்பிடியில் கம்பி. சொன்னது போலவே கட்டி வைத்திருக்கிறான், பாவி. விரலை விட்டு இழுத்தாள். பட்டென்று அறுந்து வந்தது. நான்கு கதவிலும் இழுத்துப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். எல்லாமே ஒரே இழுப்பில் வந்தன. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள். வேறு எதுவும் நினைக்கவில்லை.

"அம்மா, சித்தப்பா வரலையா?"

"வரமாட்டாரு. உக்காரு. பையை எடுத்துட்டு வந்துடறேன்."

பெல்ட்டை மாட்டி, கதவைச் சாத்திவிட்டு, வாசல் கதவில் கட்டியிருந்ததையும் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே ஓடினாள். கூடத்தில் இருந்த கைப்பையை எடுத்தாள். திரும்பினாள். அவ்வளவுதான் நேரம்.

அவள் வெளியே வந்ததும் வாசல் கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. மாடியில் கொழுந்தன் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனால் அதைத் திறக்க முடியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் வந்தது.

"கார்ல கட்டினதப் பிடுங்கிட்டீங்களா? அண்ணி! அது செம்பு அண்ணி! செம்பு!"

அவள் தரையைப் பார்த்தாள். மாலை வெளிச்சத்தில், காலடியில், நூல் போல மெல்லிய, சிவந்த கம்பிகள். ஒரு இழுப்பில் அறுந்த கம்பிகள். அறுவதற்காகவே கட்டப்பட்டவை. இரும்புக்கு ஜாதகம் பார்க்கிறவள் அவள். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

காரின் கதவைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. சாவியை அழுத்தினாள். பூட்டு விடுபடும் சத்தம் கேட்டது. கதவு வரவில்லை. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். உள்பக்கக் கைப்பிடியில் பளபளவென்று எஃகு. முறுக்கி, முறுக்கி, நுனி மடக்கி. முத்திரையோடு. எதிர்ப்பக்கக் கதவிலும். முன்கதவுகளிலும்.

படியேறி ஓடினாள். மாடித் தாழ்ப்பாளிலும் இருந்தது. சுட்டது. நகத்தால் பிறாண்டினாள், பல்லால் கடித்தாள், உதடு வெந்தது. கட்டிங் பிளேயர் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், அவன் சட்டைப் பையில் இருந்தது. அவன் உள்ளே இருந்து இழுத்துக்கொண்டிருந்தான். கதவு அதிர்ந்தது. கம்பி அதிரக்கூட இல்லை.

"என்ன விடுங்க, பட்டாணியப் பாருங்க! பட்டாணியப் பாருங்க அண்ணி!"

கீழே ஓடினாள். வாசல் கதவைத் தள்ளினாள். அதுவும் திறக்கவில்லை. தோட்டத்துக் கல்லைத் தூக்கிக் காரின் ஜன்னலில் அடித்தாள். கண்ணாடி உடையவில்லை. ஒரு கீறல்கூட விழவில்லை. இந்தக் காரின் கண்ணாடி இத்தனை தடிமனாக இருந்ததே இல்லை. மூலைகள் இப்படி விமான ஜன்னல் மாதிரி வட்டமாக இருந்ததும் இல்லை. மறுபடி அடித்தாள். கல் பிளந்தது. கத்தினாள். தெருவில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, தெருவில் ஒருவரும் இல்லை.

மண்ணெண்ணெய் வாசனை.

பிறகு கண்ணாடி உள்ளே இருந்து கறுக்க ஆரம்பித்தது. மேல் ஓரத்திலிருந்து, மெதுவாக, திரை இறங்குவதுபோல். நெருப்பு எங்கேயும் தெரியவில்லை. கரி மட்டும் இறங்கியது.

"பட்டாணி! இழுடா! இழு! அம்மா இங்கதான் இருக்கேன்! இழு!"

உள்ளே பட்டாணி அழவில்லை. பெல்ட்டிலிருந்து நழுவி வந்து, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துக்கொண்டு. கரி அவள் நெற்றி வரைக்கும் இறங்கியிருந்தது. இன்னும் மறையாமல் இருந்த கண்ணாடியின் அடிப்பகுதி வழியாக அம்மாவுக்கு அந்தக் கைப்பிடி தெரிந்தது. அதைப் பிடித்திருந்த சின்ன விரல்கள் தெரிந்தன. அந்த விரல்களின் மேல், தோல் கையுறை போட்ட, கருகிச் சுருங்கிய ஒரு பெரிய கை பதிந்து, அவளுக்கு உதவுவதுபோல், அவளோடு சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் இன்னொரு கை. அதன் மேல் இன்னொன்று.